தொட்டிச் சவுக்கு

முஹ்சின் ஷார்ஜாவுக்குக் கிளம்பிய அன்று, மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் கண்ணாடிக் கதவைத் தாண்டுவதற்கு முன்னால் திரும்பி நின்று ஷாகிராவிடம் சொன்ன கடைசிப் பேச்சு தண்ணீரைப் பற்றியது. "தண்ணி மறந்துடாத. காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ." கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சுற்றிலும் நின்ற பெண்கள் துப்பட்டாவிலும் முந்தானையிலும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, இவளுக்கு மட்டும் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அவன் சொன்னது அவளைப் பற்றி இல்லை, அவன் அம்மாவைப் பற்றியும் இல்லை. மரக்காணம் பஜாரில் அவர்களுடைய ஹார்டுவேர் கடைக்கு மேலே, வீட்டு மொட்டை மாடியில், ஒரு மண் தட்டில் நின்றுகொண்டிருந்த சவுக்கு மரத்தைப் பற்றி.

மரம் என்றால் முழங்கை உயரம். உப்பளத்து வரப்பில் முளைத்து, உப்புக்காற்றில் வளர முடியாமல், ஆடு கடித்துக் கடித்துக் குள்ளமாய்ப் போயிருந்த ஒன்றை, ப்ளஸ் டூ படிக்கும்போது முஹ்சின் தோண்டி எடுத்து வந்திருந்தான். ஏதோ பத்திரிகையில் போன்சாய் படம் பார்த்துப் பிடித்த பித்து. கம்பி சுற்றி வளைத்தான், நுனி கிள்ளினான், வேரைக் கத்தரித்தான். எட்டு வருஷத்தில் அது அசல் மரம் மாதிரியே ஆகிவிட்டது. தண்டு ஒரு பக்கம் சாய்ந்து எழும்பி, உச்சியில் மேகம் உட்கார்ந்த மாதிரி ஊசி இலைகள் திரண்டு நிற்கும். அந்த உச்சிதான் அவனுக்கு உயிர்.

ஊரில் எல்லாருக்கும் அது ஒரு சிரிப்பு. ஏக்கர் ஏக்கராகச் சவுக்கை நட்டு லாரி லாரியாக வெட்டி அனுப்புகிற பகுதி அது. சவுக்கு என்றால் விறகு, மிஞ்சிப்போனால் பந்தல் கால். "அடுப்புல வைக்கிறத எம் புள்ள தட்டுல வச்சு அழகு பாக்குறான்" என்று மாமியார் மெஹரூன்னிசா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். மகனைக் கேலி செய்கிறாளா பெருமைப்படுகிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் போன் வரும். அங்கே ஏசிக்குக் காற்றுக் குழாய் செய்கிற கம்பெனியில் வேலை. ஷாகிரா ரிசீவரைக் காதில் வைத்ததும் முதல் கேள்வி, "மரம் எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குது. நானும் நல்லா இருக்கேன்."

அந்த இரண்டாவது வாக்கியத்தின் உறைப்பு முஹ்சினுக்கு எட்டியதே இல்லை. "நுனி கிள்ளினியா? வெயில்ல வச்சிருக்கியா?" என்று அடுத்ததற்குப் போய்விடுவான்.

முதல் சில மாதம் அவள் வேண்டாவெறுப்பாகத்தான் தண்ணீர் ஊற்றினாள். சுனாமியில் கடல் ஏறி வந்த அந்த டிசம்பரில் குப்பங்களெல்லாம் சிதைந்தபோது, பஜார் வரைக்கும் கடல் தண்ணீர் வரவில்லை. ஆனால் மாமனார் ஜெய்னுலாப்தீனின் கடையில் வாரக்கணக்கில் கயிறும் தார்ப்பாயும் தவிர வேறெதுவும் போகவில்லை, வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவும் இல்லை. அப்போது மாடிக்குப் போவது ஒன்றுதான் அவளுக்கு மூச்சுவிடுகிற நேரமாக இருந்தது. கோடையில் ஒரு நாள், தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பப் போனவள், நீண்டு நின்ற ஒரு நுனியைப் பார்த்து, தானாகவே விரலால் கிள்ளிவிட்டாள். அங்கே கிள்ளவேண்டும் என்று முஹ்சின் சொல்லியிருக்கவில்லை. அவளுக்குத் தோன்றியது, செய்தாள். கொஞ்ச நாளில் அந்த இடத்தில் இரண்டு துளிர் வந்தது. அன்றைக்கு அவள் கீழே இறங்க நேரமாகி, மாமியார் படிக்கட்டில் நின்று கத்த வேண்டியிருந்தது.

ஆடிக் காற்றில்தான் முதல் அடி விழுந்தது. தண்ணீர்த் தொட்டியின் மூடி காற்றில் பிய்த்துக்கொண்டு வந்து மரத்தின் மேல் விழுந்தது. தண்டின் நடுவிலிருந்த தடித்த கிளை ஒன்று, முறியாமல் கிழிந்தது. கிழிந்த இடத்தில் தண்டுக்குள் கட்டைவிரல் போகிற அளவு பள்ளம்.

ஜெய்னுலாப்தீன் நல்ல மனுஷர். மருமகள் முகம் வாடியிருப்பதைப் பார்த்துவிட்டுக் கடையிலிருந்து வெள்ளை சிமெண்டைக் குழைத்து எடுத்துக்கொண்டு மேலே வந்தார். "ஓட்டைய வுட்டா தண்ணி நிக்கும். தண்ணி நின்னா உளுத்துப் போயிடும். சுவருக்கும் அதான், மரத்துக்கும் அதான்" என்று சொல்லி, பள்ளத்தை வழவழவென்று அடைத்துக் கொடுத்தார். பார்க்க நேர்த்தியாகத்தான் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை போனில் அவரே மகனிடம் சொன்னார். மறுமுனையில் கொஞ்சம் தயக்கம் இருந்தது. அப்புறம், "சரி அத்தா" என்றான் முஹ்சின். அத்தா செய்ததைத் தப்பென்று சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை.

அந்த வருஷ மழையை அந்தப் பக்கத்து ஆட்கள் இன்னும் பேசுவார்கள். நோன்பு மாதத்தில் பிடித்தது, பெருநாள் கழிந்தும் விடவில்லை. ஏரிகள் உடைந்தன, ஈசிஆர் ரோட்டில் பஸ் நின்றது, உப்பளங்கள் எல்லாம் ஒரே ஏரியாய்த் தெரிந்தன. ஷாகிரா மரத்தைப் படிக்கட்டுக் கூரையின் கீழே நகர்த்தி வைத்தாள். சாரல் அங்கேயும் வந்தது. வெயில் எட்டிப் பார்த்தபோது ஊசி இலைகள் மஞ்சளாகியிருந்தன. தொட்டால் கொத்தாகக் கையோடு வந்தன. சிமெண்ட் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் காளான்கள். அதற்குக் கீழே பட்டையைக் கட்டைவிரலால் அழுத்தினாள். ஊறின ரொட்டி மாதிரி விரல் உள்ளே போனது.

அந்த வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"மேல உச்சி எப்படி இருக்குது?" என்று கேட்டான் முஹ்சின்.

"அதுவும் மஞ்சளாயிடுச்சு. கீழ இடப்பக்கக் கிளைதான் கொஞ்சம் பச்சையா நிக்குது."

பெருமூச்சு கேட்டது. "அப்ப முடிஞ்சிடுச்சு. உச்சி போனா அது மரமே இல்ல. தூக்கிப் போட்டுடு ஷாகிரா. நான் வந்து வேற ஒண்ணு தோண்டிக்கிறேன்."

"தூக்கிப் போடறதா?"

"பின்ன என்ன? செத்தத வச்சிக்கிட்டு என்ன பண்ணப் போற?"

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். வருத்தத்தில் சொன்னான் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஷாகிரா ரிசீவரை வைத்துவிட்டு வந்து சமையலறையில் நின்றபோது அவளுக்கு வேலை ஓடவில்லை. ஒன்றரை வருஷம் அவள் ஊற்றின தண்ணீர். காய்ச்சலில் கிடந்தபோதும் ஏறிப்போய் ஊற்றின தண்ணீர். அதை ஒரே வார்த்தையில் குப்பையில் போடச் சொல்ல அவனால் முடிகிறது. அவள் மாடிக்குப் போனாள். தட்டைத் தூக்கினாள். குப்பைத் தொட்டி கீழே தெருவில் இருந்தது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு வெளிச்சம் நன்றாக விழுகிற கிழக்கு மூலைக்குப் போய் உட்கார்ந்தாள்.

"நீ சாவல" என்று மரத்திடம் சொன்னாள். "பாத்துடலாம்."

முதல் வேலை சிமெண்டைப் பெயர்ப்பது. கடையிலிருந்து சின்ன உளியும் சுத்தியும் எடுத்து வந்து, ஓரத்தில் வைத்து மெல்லத் தட்டினாள். சிமெண்ட் ஒரே துண்டாக வந்துவிட்டது. அதோடு வந்த நாற்றத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே கறுப்புச் சேறு. மழைத் தண்ணீர் சிமெண்டுக்கும் மரத்துக்கும் நடுவில் இறங்கி, வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நின்றிருந்தது. அடைத்த பூச்சு அழுகலைப் பொத்தி வைத்துக் காப்பாற்றியிருந்தது.

பின்னால் யாரோ கனைத்தார்கள். மாமனார். எப்போது மேலே வந்தார் என்று தெரியவில்லை. பள்ளத்தையும் அவள் கையிலிருந்த வெள்ளைத் துண்டையும் மாறி மாறிப் பார்த்தார். இறங்கிப் போய்விட்டார். மூன்றாம் நாள் காலையில் சமையலறை அலமாரியில், பழைய துணியில் சுற்றி, மெல்லிய உளிகள் ஒரு செட் இருந்தது. கடையில் விற்கிற சரக்கு இல்லை, எங்கேயோ சொல்லி வரவழைத்தது. யார் வைத்தார்கள் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சுரண்டுவது எங்கே நிறுத்துவது என்று தெரியாத வேலை. கோணி ஊசியால் குத்திப் பார்ப்பாள். மெத்தென்று போனால் இன்னும் அழுகல் இருக்கிறது. உளியால் எடுப்பாள். மறுபடி குத்துவாள். சமையல் முடிந்து, துணி காய்ந்து, சாயங்காலம் அஸர் தொழுதபின் கிடைக்கிற நேரத்தில் தினமும் கொஞ்சம். பள்ளம் குகையானது. ஒரு நாள் உளி மேலும் கீழும் போய், தண்டின் முன்பக்கம் முழுக்க வெறுங்கூடாகிவிட்டது என்று தெரிந்தபோது உளியைக் கீழே வைத்துவிட்டாள். எடுக்க எடுக்க மரமே மிஞ்சாது போலிருந்தது. பயத்தில் இரண்டு நாள் மேலே போய்த் தண்ணீர் மட்டும் ஊற்றிவிட்டு வந்தாள்.

அந்த வாரம் கோட்டக்குப்பத்தில் அம்மா வீட்டுக்குப் போனாள். பெரியப்பா மகன் அங்கே பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். துபாயிலும் சவூதியிலும் இருக்கிற புருஷன்மார்களின் முகத்தைக் கம்ப்யூட்டரில் பார்க்க வருகிற பெண்களுக்கு நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, அழுகிய போன்சாய் மரத்தை என்ன செய்வது என்று ஆங்கிலத்தில் தேடினாள். படித்துப் புரிந்துகொள்ள நேரமெடுத்தது. அழுகலைக் கெட்டி மரம் வருகிற வரைக்கும் எடுக்க வேண்டும், பாதியில் விட்டால் திரும்ப வரும். தண்ணீர் தேங்காமல் வழிந்தோடப் பள்ளத்தின் அடியில் வழி வைக்க வேண்டும். நன்றாகக் காயவிட வேண்டும். செத்த கட்டையை அப்படியே வைத்துக்கொள்ளலாம், அதற்கு 'லைம் சல்ஃபர்' பூச வேண்டும்.

அந்தப் பெயரைப் பார்த்ததும் ஷாகிரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாண்டிச்சேரிக்குப் பஸ்ஸில் போய் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவள் அவள். ரிசல்ட் வந்த மாதமே கல்யாணம். அதற்குப் பிறகு அந்தப் படிப்பைப் பற்றி யாரும் அவளிடம் பேசியதில்லை, அவளும் நினைத்ததில்லை. கால்சியம் பாலிசல்ஃபைடு. சுண்ணாம்பும் கந்தகமும் தண்ணீரில் கொதித்தால் வருவது. இதற்கு எங்கேயும் போய் வாங்க வேண்டாம். வீட்டிலேயே காய்ச்சலாம்.

"என்னக்கா, மச்சான் மெயில் அனுப்பிட்டாரா? முகத்துல சிரிப்பு தாங்கல" என்றான் பெரியப்பா மகன்.

"போடா" என்றாள்.

சுண்ணாம்பு மாமனார் கடையிலேயே இருந்தது, வெள்ளையடிக்கிற கிளிஞ்சல் சுண்ணாம்பு. கந்தகத்தூளைப் பிரம்மதேசத்து உரக்கடையில் சொல்லி வாங்கிக்கொண்டார் மாமனார். பாத்திரம்தான் பிரச்சினை. அலுமினியம் கூடாது, பித்தளை கூடாது, இரண்டையும் அது தின்றுவிடும். வீட்டில் இருந்த ஒரே இரும்புச் சட்டி மாமியார் மீன் வறுக்கிறது. ஷாகிரா கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு மேலே போய், மூன்று செங்கல் வைத்து, விறகு மூட்டி, முக்காட்டை மூக்கு வரை இழுத்துக் கட்டிக்கொண்டு கிளறத் தொடங்கினாள்.

கொதி வந்த கொஞ்ச நேரத்தில் அழுகின முட்டை நாற்றம் பஜார் முழுக்க இறங்கியது. எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சாக்கடையை எட்டிப் பார்த்தார்கள். "என்ன பாய், ஏதாவது செத்துக் கிடக்குதா?" என்று கேட்டவர்களிடம், "தெரியலயேப்பா, நானும் அதான் பாக்குறேன்" என்று ஜெய்னுலாப்தீன் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

மெஹரூன்னிசா மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கு வந்தாள். வந்தவள் முதலில் பார்த்தது தன்னுடைய சட்டியை.

"யா அல்லாஹ்! என் மீன் சட்டி!"

"புதுசு வாங்கித் தர்றேன் மாமி. இப்ப பக்கத்துல வராதீங்க, கண்ணு எரியும்."

"என்னடி கண்றாவி இது? அவன்தான் தூக்கிப் போடச் சொல்லிட்டானில்ல?"

"சொன்னாரு."

"அப்புறம்?"

"நான் போடல."

மாமியார் அடுப்பைப் பார்த்தாள். எரிந்துகொண்டிருந்த கட்டைகளைப் பார்த்தாள். "சவுக்கக் காப்பாத்தறதுக்குச் சவுக்க எரிக்கிறியேடி" என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் நாற்றத்தை முழுசாக இழுத்து, இருமிக்கொண்டே இறங்கிப் போனாள். சட்டிக்குள் கரைசல் டிக்காஷன் நிறத்துக்கு வந்திருந்தது. புத்தகத்தில் படித்த அதே நிறம். ஷாகிரா அடுப்பை அணைத்துத் தெளியவிட்டாள்.

ஆனால் பூசுவதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. அதைத்தான் அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

தை மாத வெயில் நன்றாக அடித்த ஒரு காலையில், தட்டை மடியருகே இழுத்து வைத்து, நகத்தால் பட்டையை மெல்லக் கீறிப் பார்த்தாள். உயிர் இருக்கிற இடத்தில் பட்டைக்கு அடியில் பச்சை தெரியும். முன்பக்கம் எல்லாம் பழுப்பு. பின்பக்கத்தில், வேரிலிருந்து ஒரு விரல் அகலத்துக்குப் பச்சை ஏறி, கீழ் இடப்பக்கக் கிளைக்குள் போனது. அங்கிருந்து உச்சிக்கு ஒரு நூலிழை. அவ்வளவுதான். உச்சி சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. அந்த நூல் வழியாக இருக்கிறதையெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருந்தது. கீழ்க் கிளையும் நாளுக்கு நாள் வெளிறிக்கொண்டு வந்தது. இரண்டையும் வைத்துக்கொள்ள நினைத்தால் இரண்டும் போய்விடும்.

எட்டு வருஷம் அவன் வளைத்து வளர்த்த உச்சி.

அவள் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். கீழே கடையில் யாரோ ஆணி கேட்கிற சத்தம். அப்புறம் கத்தரியை எடுத்தாள். ஊசி இலைக் கொத்துகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். உச்சித் தண்டின் பட்டையைக் குறடால் பிடித்து உரித்தாள். ஈரமான வெளிர் மரம் வெளியே வந்தது. அதை அறுக்கவில்லை, செத்த கட்டையாக அப்படியே நிற்கவிட்டாள். பள்ளத்தின் அடியில் துளை போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள், பின்பக்கம் வழிந்தது. தட்டிலிருந்து மரத்தைத் தூக்கியபோது வேரிலும் கறுத்த பகுதி இருந்தது. ஊறிய சணல் மாதிரி கையோடு வந்ததையெல்லாம் வெட்டிவிட்டு, மண்ணைக் கொட்டிவிட்டு, ஆற்று மணலும் சலித்த செங்கல் பொடியும் போட்டு நட்டாள். கெட்டி மரம் காய்ந்த பிறகு, மண்ணின் மேல் பிளாஸ்டிக் பையை விரித்து, பச்சைப் பட்டையில் படாமல், பெயிண்ட் பிரஷ்ஷால் கரைசலைப் பூசினாள். முதலில் கட்டை மஞ்சளாய் அசிங்கமாய்த் தெரிந்தது. வெயிலில் நாள் போகப் போக வெளுத்து, உப்புப் படிந்த மாதிரி ஆனது.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. முஹ்சின் மரத்தைப் பற்றிக் கேட்கவில்லை, அது குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அவளே சொன்னாள்.

"மேல எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

"எதுல மேல?"

"மரத்துல. உச்சிய வெட்டிட்டேன். தோல உரிச்சிட்டேன். கீழக் கிளைய மட்டும் வச்சிருக்கேன்."

"எட்டு வருஷம் ஷாகிரா" என்றான்.

"தெரியும்."

"யாரக் கேட்டு வெட்டின? ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

"நீங்கதான் தூக்கிப் போடச் சொன்னீங்க. தூக்கிப் போட்டத எடுத்து வச்சிருக்கறவ யாரக் கேக்கணும்?"

லைன் கட்டாகிவிட்டது. போன் கார்டு தீர்ந்ததா அவன் வைத்தானா என்று தெரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை போன் வந்தபோது அவன் அம்மாவிடம் மட்டும் பேசினான். அதற்கடுத்த வாரமும் அப்படியே. ஷாகிரா பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி மாடிக்குப் போய்த் தண்ணீர் ஊற்றினாள். ராத்திரி தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை.

மூன்றாவது தடவை மெஹரூன்னிசாவுக்குப் பொறுக்கவில்லை. ரிசீவரில் கத்தினாள். "டேய், பொண்டாட்டிகிட்ட பேசு. நீ ஒரு கட்டைக்காவ மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க, இங்க அவ அந்தக் கட்டைக்காவ என் மீன் சட்டிய நாசம் பண்ணிட்டா. நடுவுல நான் வெறும் குழம்பு வச்சிக்கினு கெடக்கறேன். பேசு!" என்று ரிசீவரை மருமகள் கையில் திணித்தாள்.

"நீ எப்படி இருக்க?" என்றான் முஹ்சின்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் காத்திருந்த முதல் கேள்வி அது. வந்தபோது அவளுக்கு அது போதவில்லை. "இருக்கேன்" என்றாள். மரத்தைக் கேட்பான் என்று பார்த்தாள். கேட்கவில்லை. அதன் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் சாப்பாட்டைக் கேட்டான், உடம்பைக் கேட்டான், அவள் தம்பி படிப்பைக்கூடக் கேட்டான். மரத்தைப் பற்றி அவளும் எதுவும் சொல்லவில்லை.

மரமும் ஒன்றும் சொல்லவில்லை. மாசி போனது. பங்குனி வெயில் மாடியைக் கொளுத்தியது. மஞ்சள் இலை கொட்டுவது நின்றது, ஆனால் புதிதாக எதுவும் வரவில்லை. "கட்டைக்கு எதுக்குடி தண்ணி" என்று மாமியார் சொல்வாள். சொல்லிவிட்டு, விருந்தாளிகளின் பிள்ளைகள் மாடிக்கு ஓடினால், "அந்தத் தட்டுகிட்ட போனா கால ஒடிச்சிடுவேன்" என்று முதல் ஆளாகக் கத்துவாள்.

சித்திரை பிறந்து சில நாள் கழித்து, கீழ்க் கிளையின் பட்டையில் கடுகு மாதிரி முடிச்சுகள் தெரிந்தன. ஷாகிரா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். விரலை வைத்துப் பார்த்தாள். வாரம் போவதற்குள் அவை பிரிந்து, பாசி நிறத்தில் ஊசி ஊசியாக எழும்பின. அவள் யாரையும் கூப்பிடவில்லை. அங்கேயே வெறுந்தரையில் உட்கார்ந்து, அது வரைக்கும் அழாததை எல்லாம் அழுதாள்.

ஆகஸ்ட் மாதம் முஹ்சின் லீவில் வந்தான். இளைத்திருந்தான். நெற்றி ஏறியிருந்தது. வீடு முழுக்க சொந்தக்காரர்கள், பெட்டியைப் பிரிக்கிற சத்தம், பிரியாணி வாசனை. கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் அவனைக் காணவில்லை. ஷாகிராவுக்குத் தெரியும். மாடிக்குப் போனாள்.

அவன் தட்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். சாய்ந்து எழும்பின தண்டு நடுவில் குடைந்து, வெள்ளையாய் வெறுமையாய் வானத்தைப் பார்த்து நின்றது. அதற்குப் பக்கவாட்டில், ஒரே கிளை, அடர்ந்த பச்சையாய், மேல்நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் அதற்குக் கம்பி சுற்றியிருந்தாள்.

"இது நான் தோண்டின மரமே இல்ல" என்றான், திரும்பாமல்.

"இல்ல. அது போயிடுச்சு."

அவன் தலையாட்டினான். கோபமாக இருக்கிறானா என்று முகத்தைப் பார்க்க முடியவில்லை. "கம்பிய இன்னும் கொஞ்சம் கீழ இறக்கினா..." என்று கையை நீட்டினான்.

"தொடாதீங்க."

அவள் நினைத்ததைவிடக் குரல் உரத்து வந்துவிட்டது. அவன் கை அந்தரத்தில் நின்றது. திரும்பி அவளைப் பார்த்தான். "சரி" என்றான். அப்புறம், "எப்படிப் பண்ணின? சொல்லு" என்றான்.

அவள் சொன்னாள். சிமெண்டிலிருந்து தொடங்கி, கோணி ஊசி, பிரவுசிங் சென்டர், டீக்கடைக்காரர்கள் சாக்கடையை எட்டிப் பார்த்தது வரைக்கும். கெமிஸ்ட்ரி வந்தபோது அவனுக்குப் புரியவில்லை, திரும்பச் சொல்லச் சொன்னான். அவ்வளவு நேரம் அவள் பேசி அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. உச்சியை வெட்டின காலையைச் சொல்லும்போது மட்டும் அவன் கீழே பார்த்துக்கொண்டான். "என்னால முடிஞ்சிருக்காது" என்றான்.

பேச்சு நின்றபோது, "இப்ப தொடலாமா?" என்று கேட்டான்.

"ம்."

அவன் விரல் வெள்ளைக் கட்டையின் மேல் மெதுவாக இறங்கி, மண்ணோரம் வரை போய், நின்றது. அழுத்திப் பார்த்தான். முகம் மாறியது. "ஷாகிரா, இங்க மெத்துன்னு இருக்குது."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் விரலை நகர்த்திவிட்டுத் தன் விரலை வைத்தாள். உண்மைதான். பின்பக்கத்து அடியில், அவள் உளி போகாத ஒரு மடிப்பில், அழுகல் மிஞ்சியிருந்தது. இத்தனை மாதம் உள்ளே இருந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பச்சைக் கோடு அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று நகத்தால் கீறிப் பார்த்தாள். இன்னும் இடம் இருந்தது.

"என்ன பண்றது?" என்றான் முஹ்சின்.

"எடுக்கறதுதான். மழைக்கு முன்னாடி எடுத்துக் காய வச்சிடணும்." அவள் எழுந்து உளிச் சுருளைக் கொண்டு வந்தாள். மெல்லியதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நுனியை விரலில் பார்த்துக்கொண்டாள். "தட்ட ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிங்க. ஆட்டக்கூடாது."

கீழே மெஹரூன்னிசா சாப்பிடக் கூப்பிட்டாள். மகன் பதில் சொல்ல வாயெடுத்தபோது கைப்பிடி தளர்ந்தது.

"பிடிங்கன்னேன்" என்றாள் ஷாகிரா, குனிந்தபடியே. அவன் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவள் உளியை வைத்து முதல் துண்டைப் பெயர்த்தாள்.